வட்டுக்கோட்டைக் கல்வியும் மானிப்பாய் மருத்துவமும்

மருத்துவம் பயில விழையும் மாணாக்கனுக்கு நன்னூல் எதற்கு என்னும் வினா புதியதன்று. யாழ்ப்பாணக் குடாநாடு அவ்வினாவுக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே செயலால் விடை கண்டது.

அமெரிக்க மிஷனரிமார் 1823 ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையில் ஓர் உயர்தரக் கலாசாலையை நிறுவினர். வட்டுக்கோட்டைச் செமினரி எனப்பட்ட அங்கே ஆங்கிலத்தோடு தமிழ் இலக்கண இலக்கியமும், தருக்கமும், கணிதமும், வானநூலும் ஒருங்கே கற்பிக்கப்பட்டன. முதல் அதிபர் தானியேல் பூவர். பின்னர் அதிபராயிருந்த ஹொய்சிங்ரன், தமிழர் சோதிட கணிதத்தை ஆராய்ந்து, 1848 இல் அதனை ஆங்கில மொழிபெயர்ப்புடன் நூலாக வெளியிட்டார். பழைய கணிப்பையும் புதிய கணிப்பையும் அருகருகே வைத்து நோக்கும் பழக்கம் மாணவரிடையே இவ்வாறு வேரூன்றிற்று.

இக்கலாசாலையில் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். முன்னவர் ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். பின்னவர் வீசகணிதத்தைத் தமிழில் எழுதினார். ஒரே கல்வி இருவேறு துறைகளுக்குப் பயன்பட்டதை இங்கே காண்கின்றோம்.

1847 இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மறு ஆண்டு மானிப்பாயில் மருத்துவப் பணியையும் போதனையையும் தொடங்கினார். ஆங்கிலத்தில் மருத்துவம் கற்றவர்கள் அரசாங்க உத்தியோகத்தை நாடி ஊரைவிட்டு அகல்வதை அவர் கண்டார். கிராமத்து நோயாளி யாரிடம் செல்வான்? ஆகவே 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் போதிக்கத் துணிந்தார்.

அத்துணிவுக்கு நூல்கள் வேண்டும். நூல்களுக்குச் சொற்கள் வேண்டும். நரம்புக்கும் நாளத்துக்கும் வேறுபாடு காட்டாத ஒரு சொல் சத்திர வைத்தியன் கையில் உயிருக்கே ஆபத்தாகும். எனவே தமிழ் வழக்கிலுள்ள சொல்லை முதலில் தேடி, இல்லாதவிடத்து வடசொல்லைக் கொண்டு, அதுவும் பொருந்தாதவிடத்து ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப ஆளும் முறை வகுக்கப்பட்டது. உடலை அறிந்தவர் மட்டும் செய்யக்கூடிய பணியன்று இது. சொற்பிறப்பும் புணர்ச்சியும் அறிந்தோர் துணை அவசியமாயிற்று. வட்டுக்கோட்டைக் கல்வி அத்தகையோரை முன்னரே ஆயத்தப்படுத்தியிருந்தது. பிரசவ வைத்தியம், இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் முதலிய நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன.

எனினும் அந்த முயற்சி நிலைக்கவில்லை. ஆங்கிலக் கல்வி மாணவரை உத்தியோகத்தின்பாற் செலுத்துகின்றது என்னும் குறைபாட்டின் பேரில் செமினரி 1855 இலேயே மூடப்பட்டது. 1870 இல் கொழும்பில் தோன்றிய மருத்துவப் பள்ளி ஆங்கிலத்திலேயே போதித்தது. 1873 இல் கிறீன் தாயகம் திரும்பினார். அங்கிருந்தும் தமிழ் நூற்பணியைத் தொடர்ந்து, 1884 இல் காலமானார். அதன்பின் தமிழ் மருத்துவ போதனை படிப்படியாக மறைந்தது.

ஆயினும் அந்நூல்கள் உணர்த்தும் உண்மை மறையவில்லை. கண்டறிந்ததை ஐயமின்றிச் சொல்லவும், பிறர் சொன்னதை ஆராய்ந்து ஏற்கவும் பயிற்றுவது மொழியும் தருக்கமும் ஆகும். அவையின்றி விஞ்ஞானம் கற்றவனுக்கு அறிவு உண்டாகலாம். அவ்வறிவு அவனுடைய ஊரைச் சென்றடைவது அரிது.