மலையேறும் காரும் இன்டர்கூலர் குழாயும்

தருமபுரியிலிருந்து வத்தல்மலைக்கு ஏறும் சாலையில் இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். காபியும் மிளகும் விளையும் அந்த மலைக் கிராமங்களுக்கு அண்மைக்காலம் வரை பேருந்தே கிடையாது. சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. காற்று குறைந்தால் இன்ஜினுக்கும் மூச்சு வாங்கும்! இதற்கு மருந்து தேடிய கதைதான் டர்போவின் வரலாறு. அந்தக் கதையில் பலரும் கவனிக்காத ஒன்று, டர்போவுக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஓடும் குழாய்.

வீணாகப் போகும் புகையைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் யோசனைக்கு சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூகி 1905ல் காப்புரிமை பெற்றார். 1918ல் அமெரிக்காவின் சான்ஃபோர்டு மாஸ், ஒரு விமான இன்ஜினை 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலைக்கு ஏற்றிச் சென்று சோதித்தார். தரையில் 350 குதிரைத்திறன் தந்த அந்த இன்ஜின் மலை மேல் 230க்கு இறங்கியது. டர்போவைப் பூட்டியதும் 356!

ஆனால் ஒரு சிக்கல். காற்றை அழுத்தினால் சூடாகும். 30 டிகிரி காற்றை இரு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டு போனால் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டிவிடும். சூடான காற்றில் அடர்த்தி குறைவு. போதாக்குறைக்கு பெட்ரோல் இன்ஜினில் 'நாக்கிங்' வேறு. 1962ல் வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் காரில் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தெளித்துச் சமாளித்தார்கள். 1973ல் வந்த நாலு சிலிண்டர் பிஎம்டபிள்யூ 2002 டர்போவில் இன்ஜினின் அமுக்க விகிதத்தையே 6.9க்குக் குறைத்தார்கள். விளைவு, டர்போ சுழன்று எழும்வரை கார் மந்தம்.

நிலையான தீர்வு இன்டர்கூலர். அதாவது, காற்றுக்கு ஒரு ரேடியேட்டர். அதை எங்கே வைப்பது, குழாயை எப்படிக் கொண்டுபோவது என்பதே அடுத்த கேள்வி.

1992ல் ஜப்பானிலிருந்து இரண்டு விடைகள் வந்தன. சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ் காரில் இன்டர்கூலர் இன்ஜினுக்கு மேலே இருந்தது. பானட்டில் ஒரு காற்று வாய், மிகக் குட்டையான குழாய். மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் காரில் அது முன் பம்பருக்குள் இருந்தது. குளிர்ந்த காற்று நேராகக் கிடைக்கும், ஆனால் குழாய் நீளம். இரண்டுமே 2 லிட்டர், நாலு சிலிண்டர், ரேலிப் பந்தயத்துக்காகப் பிறந்தவை.

மேலே வைக்கும் முறையைத் தமிழ்நாட்டுச் சாலைகளும் பார்த்திருக்கின்றன. இந்துஸ்தான் மோட்டார்ஸின் திருவள்ளூர் ஆலையிலிருந்து 2002 முதல் வந்த மிட்சுபிஷி பஜேரோவின் 2.8 லிட்டர் நாலு சிலிண்டர் டீசல் இன்ஜின் அப்படிப்பட்டது. அதன் பானட்டில் ஒரு பக்கமாக இருந்த காற்று வாய் அழகுக்காக அல்ல!

இனி வத்தல்மலை வளைவுகளை நினைத்துப் பாருங்கள். வேகம் குறைவதால் எதிர்க்காற்றும் இல்லை. மேலே வைத்த இன்டர்கூலர் இன்ஜின் சூட்டை வாங்கிக்கொள்ளும். முன்னால் வைத்ததோ, ஒவ்வொரு வளைவிலும் ஆக்சிலேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போது நீளமான குழாய் நிரம்பும்வரை காக்க வைக்கும். பெரிய குழாய் போட்டால் பெரிய சக்தி என்று நம்பி, வளைவுக்கு வளைவு தடுமாறும் கார்கள் பல.

சொந்தமாக டர்போ கார் கட்டுபவர்களுக்கு இந்த வரலாறு சொல்வது இதுதான்: குழாய் குட்டையாகவும், திருப்பங்கள் குறைவாகவும், புகைக் குழாய்க்கு எட்டவும் இருக்கட்டும். இன்ஜின் ஆடும் என்பதால் இணைப்புகளில் சிலிக்கான் ஹோஸ் வேண்டும், அது நழுவாதபடி குழாய் முனையில் விளிம்பும் வேண்டும். ஒரு கிளாம்ப் கழன்றாலும் அழுத்தம் அத்தனையும் வெளியே போய்விடும்.

இன்னொன்று. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றிய வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்ட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அப்படிப்பட்ட காருக்கு இடம் இருங்காட்டுக்கோட்டை போன்ற பந்தயத் தளம்தான், மலைச் சாலை அல்ல. ஆனால் குழாய் போடும் பாடத்தை மலையிடம்தான் கற்க வேண்டும்.