குதிரைச் சூலை

குதிரையின் இரைப்பையிலும் குடலிலும் நேரும் கோளாறுகளால் உண்டாகும் வயிற்றுவலி அனைத்தும் சூலை என்ற பொதுப்பெயரில் அடங்கும். உடம்பின் பருமனை நோக்கக் குதிரையின் இரைப்பை மிகச் சிறியது, ஏறக்குறைய 15 லிட்டருக்கு மேல் கொள்ளாதது. தின்றது ஒவ்வாமற்போனால் வாந்தியெடுத்து ஆறுதல் பெறவும் அதனால் இயலாது. ஆகவே, ஊறாத கொள்ளை அவசரத்தில் மிகுதியாகத் தின்றுவிட்டால், அது உள்ளே ஊறிப் பருத்து, சமயத்தில் இரைப்பையையே கிழித்துவிடும்.

1292ஆம் ஆண்டையொட்டிப் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, ஹோர்மூஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து பெரும்பொருள் கொடுத்துத் தருவித்த குதிரைகளில் பெரும்பாலானவை, பராமரிப்பறிந்தோர் இன்மையால் ஆண்டுக்குள்ளேயே மாண்டன என்றும், சோற்றோடு இறைச்சியையும் வேகவைத்து அவற்றுக்கு ஊட்டினர் என்றும் எழுதியிருக்கிறார். அம்மரணங்கள் யாவற்றுக்கும் சூலையே காரணமென்று கூற இயலாதெனினும், புல் மேய்வதற்கென்றே அமைந்த குடலுக்கு அத்தகைய போஜனம் பெருந்தீங்கு என்பதில் சந்தேகமில்லை.

தீனியைப் போலவே நிலமும் சூலைக்கு வழிவகுக்கும். திண்டுக்கல்லின் சமவெளி மழை குறைந்த வறண்ட பூமி. கோடையில் கட்டைப்புல்லை வேரோடு கடித்து மேயும் குதிரையின் குடலில் மணல் படிவதும், போதிய தண்ணீரின்றி உலர்ந்த வைக்கோல் குடலில் இறுகி அடைப்பதும் இத்தகைய நிலங்களில் எதிர்பார்க்கத்தக்கவை. பழனி அடிவாரத்தில் வண்டியிழுக்கும் குதிரைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

நோய் கண்ட குதிரை முன்னங்காலால் தரையைப் பறிக்கும். விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும். படுத்துப் புரண்டு, எழுந்து, மறுபடி படுக்கும். லத்தி குறையும், அல்லது அறவே நின்றுபோகும். விலாவில் காதை வைத்தால் இடைவிடாது கேட்கவேண்டிய குடலிரைச்சல் அடங்கியிருக்கும். ஓய்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்கவேண்டிய நாடி 60ஐத் தாண்டினால் நிலைமை அபாயகரமானது. கடும் வேதனையில் புரண்ட குதிரை திடீரென அமைதியுற்றால் குணமாயிற்றென்று மகிழ்ந்துவிடலாகாது. உள்ளே கிழிந்திருக்கவும் கூடும்.

கொள்ளை நன்றாக ஊறவைத்து, விரலிடையே நசுங்கும் பதத்தில், சிறுசிறு வேளைகளாகப் பிரித்துக் கொடுப்பதும், தீனியை மாற்றுங்கால் ஒரு வாரத்துக்கு மேலாகப் படிப்படியாக மாற்றுவதும், நாள் முழுவதும் நல்ல தண்ணீர் எட்டுமிடத்தில் வைப்பதும், தீனியைத் தரையில் கொட்டாமல் தொட்டியிலிடுவதும், பல்லையும் குடற்புழுவையும் காலந்தோறும் மருத்துவரைக் கொண்டு பார்ப்பதும் தற்காப்புகளாம். நோய் தொடங்கியவுடன் தீனியை அகற்றி, கால்நடை மருத்துவரை அழைத்து, அவர் வரும்வரை மெதுவாக நடத்தலாம். கஷாயமோ எண்ணெயோ வாயில் ஊற்றுவது, அது நுரையீரலில் இறங்கக்கூடுமாதலால், அறவே விலக்கத்தக்கது. மருந்து செலுத்த நேரின் மருத்துவரே மூக்கின் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையில் சேர்ப்பார்.