மருத்துவ மாணவர்களின் மனநலமும் சாதியும்

மும்பை நாயர் மருத்துவமனையில் மகப்பேறு மருத்துவம் பயின்றுவந்த முதுநிலை மாணவி பாயல் தட்வி, 2019 மே 22 அன்று உயிரிழந்தார். தட்வி பீல் பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்த அவருக்கு அப்போது வயது 26. சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியதாகவும் துன்புறுத்தியதாகவும் குற்றஞ்சாட்டப்பட்டு மூன்று மூத்த மருத்துவர்கள் கைது செய்யப்பட்டனர். மகளின் நிலையைக் குறித்து முன்பே முறையிட்டதாகக் குடும்பத்தினர் கூறினர். மருத்துவ மாணவர்களின் மனநலத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் உறக்கம், உடற்பயிற்சி, யோகா என்று அடுக்குகிறார்கள். அவை வேண்டாதவை அல்ல. ஆனால் பாயலின் துயரம் உறக்கக் குறைவால் மட்டும் வந்ததல்ல.

மருத்துவக் கல்வி எல்லோரையும் வாட்டுகிறது என்பதில் ஐயமில்லை. தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024இல் வெளியிட்ட அறிக்கைக்காக 25,590 இளநிலை மாணவர்களும் 5,337 முதுநிலை மாணவர்களும் கருத்துக் கூறினர். இளநிலையில் 16.2 விழுக்காட்டினரும் முதுநிலையில் 31.2 விழுக்காட்டினரும் தற்கொலை எண்ணம் எழுந்ததாகத் தெரிவித்தனர். பயிற்சி மருத்துவர்களின் பணிநேரம் வாரத்திற்கு 74 மணிநேரத்தைத் தாண்டக் கூடாது, வாரம் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. 1992ஆம் ஆண்டு மத்திய அரசு வகுத்த திட்டம் 48 மணிநேரம் என்றே குறித்திருந்தது என்பதை இங்கே நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

இந்தச் சுமையின் மேல் நம் மாணவர்களுக்கு இன்னொரு சுமை ஏறுகிறது. விடுதியில் முதல் வாரத்திலேயே கேட்கப்படும் கேள்வி, "உன் ரேங்க் என்ன?" கேட்பவர் அறிய விரும்புவது மதிப்பெண்ணை அல்ல என்பது இருவருக்கும் தெரியும். அதன் பிறகு யார் யாரோடு உண்பது, யாருக்குப் பழைய குறிப்பேடுகள் கிடைக்கும், யாருக்கு அறுவைச் சிகிச்சையில் கைகொடுக்கும் வாய்ப்பு, யாருக்குக் கேஸ் ஷீட் எழுதும் வேலை மட்டும் என்பதெல்லாம் சொல்லாமலே முடிவாகிவிடுகின்றன. தில்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் நடத்தப்படும் விதத்தை ஆராய 2006இல் அமைக்கப்பட்ட சுகதேவ் தோரட் குழு, விடுதியில் ஒதுக்கப்படுதல், ஆசிரியர்களின் ஆதரவின்மை, வாய்மொழித் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் பாரபட்சம் ஆகியவற்றை மாணவர்களின் வாக்குமூலங்களோடு 2007இல் பதிவுசெய்தது. வாய்மொழித் தேர்வு இதில் முக்கியமானது. எழுத்துத் தேர்வுத் தாளை மறுபடி திருத்தக் கோரலாம். மேசைக்கு அப்பால் அமர்ந்திருப்பவரின் முகச்சுளிப்பை எங்கே மறுபடி திருத்தக் கோருவது?

முதல் தலைமுறை மாணவருக்கு வீட்டிலும் வாய் அடைபடுகிறது. ஊர் முகப்பில் பிளெக்ஸ் வைத்து "எங்கள் முதல் டாக்டர்" என்று கொண்டாடியவர்களிடம் உடற்கூறியலில் தோற்றதை எப்படிச் சொல்வது? தமிழ்வழியில் படித்துவந்தவருக்கு முதலாண்டுப் பாடநூல்களின் ஆங்கிலமே பெரும் மதில். இந்தத் தோல்வி முடிவல்ல என்பதை யாராவது அவருக்குச் சொல்ல வேண்டும்: நடப்பு விதிகளின்படி முதலாண்டுத் தேர்வுக்கு நான்கு முயற்சிகள் உண்டு.

மனநல மருத்துவரை நாடுவதை நம் தோழர்கள் சிலர் ஐயத்தோடு பார்க்கின்றனர். ஒடுக்குமுறையை நோய் என்று பெயர்மாற்றிவிடுவார்கள் என்பது அவர்களது வாதம். அதில் நியாயம் உண்டு. புகார் கொடுத்தவரையே "மனநிலை சரியில்லாதவர்" என்று ஒதுக்கும் நிர்வாகங்கள் இருக்கின்றன. ஆயினும் இரண்டு வாரங்களுக்கு மேலாக உறக்கமும் பசியும் கெட்டு, படித்தது மனத்தில் நிற்காமல், எதிலும் பற்றில்லாமல், உயிரோடிருப்பதே வீண் என்ற எண்ணம் வந்துபோகும் ஒருவருக்குச் சிகிச்சை தேவை. காரணம் சாதி என்பதால் மனச்சோர்வு மருந்துக்குக் கட்டுப்படாததாகிவிடாது. சிகிச்சை பெறுவதால் புகாரும் வலுவிழந்துவிடாது.

எங்கே செல்வது என்பதே மருத்துவ மாணவருக்குச் சிக்கல். சொந்தக் கல்லூரியின் மனநலத் துறையில் அமர்ந்திருப்பவர் நாளைய தேர்வாளராகவோ விடுதிக் காப்பாளரின் நண்பராகவோ இருக்கலாம். எனவே வேறு கல்லூரி மருத்துவமனையையோ மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரையோ அணுகலாம். அரசின் டெலி மானஸ் உதவி எண்ணான 14416இல் எந்நேரமும் தமிழிலும் பேசலாம். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 23ஆம் பிரிவு சிகிச்சை விவரங்களை இரகசியமாகக் காக்கும் உரிமையை அளிக்கிறது. 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே முதலில் கொள்ள வேண்டும் என்கிறது. வார்டில் எளிதில் கிடைக்கிறது என்பதற்காகத் தூக்க மாத்திரையைத் தாமே எடுத்துக்கொள்வது மட்டும் கூடவே கூடாது.

துன்புறுத்தல் நடந்தால் அன்றிரவே தேதி, இடம், சொல்லப்பட்ட சொற்கள், அருகிலிருந்தோர் பெயர்கள் ஆகியவற்றை எழுதிவைக்க வேண்டும். வாட்ஸ்அப் செய்திகளைப் படமெடுத்துக் கல்லூரிக்கு வெளியே உள்ள ஒருவரிடம் கொடுத்துவைக்கலாம். சமவாய்ப்பு மையமும் பாகுபாட்டுத் தடுப்பு அலுவலரும் வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2012இலேயே விதி வகுத்தது. உங்கள் கல்லூரியில் அந்த அலுவலர் யார் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அங்கிருந்தே வேலை தொடங்க வேண்டியிருக்கும். பொதுப் பார்வையில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். புகார் வாய்மொழியாக வேண்டாம். எழுத்தில் கொடுத்து, நகலில் ஒப்புகை முத்திரை பெறுங்கள்.

முதுநிலை மாணவர்களுக்கு இன்னொரு விலங்கும் உண்டு. இடத்தைக் கைவிட்டு வெளியேறினால் பல மாநிலங்களில் பல இலட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற பிணைப்பத்திரமே அது. அதை நீக்குமாறு மாநிலங்களை 2024 சனவரியில் தேசிய மருத்துவ ஆணையம் கேட்டுக்கொண்டது. துன்புறுத்தலிலிருந்து தப்ப விலகக்கூட முடியாமல் மாட்டிக்கொள்ளும் மாணவரின் மனநிலையை இந்தப் பணக்கணக்கோடு சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும். நிலம் விற்றுக் கட்டும் குடும்பங்கள் இருக்கலாம்; நம் பெற்றோரிடம் விற்க நிலம் ஏது?

மாணவர் அமைப்புகள் இரங்கல் கூட்டத்திற்கு முன்பே செய்யக்கூடியவை உள்ளன. சேர்க்கை முடிந்த முதல் வாரத்திலேயே நம் மூத்த மாணவர்கள் புதியவர்களை நேரில் சந்தித்துப் பழைய குறிப்பேடுகளைக் கொடுக்கலாம். முதல் அகமதிப்பீட்டில் தோற்றவர்களைத் தேடிச் சென்று உடன் அமர்ந்து படிக்கலாம். வகுப்புக்கும் உணவறைக்கும் வராமல் அறைக்குள் முடங்கியவரின் கதவைத் தட்டி, "சாகலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேட்கலாம். அப்படிக் கேட்பது அந்த எண்ணத்தைத் தூண்டிவிடாது. "ஆம்" என்று பதில் வந்தால் அன்றிரவு அவரைத் தனியே விடாமல் உடனிருந்து, மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.