குருஷெவோ – பத்து நாள் குடியரசு கண்ட மலையூர்

வட மாசிடோனியாவில், பிரிலெப் நகருக்கு மேற்கே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது குருஷெவோ. பால்கன் பகுதியிலேயே மிக உயரத்தில் அமைந்த ஊர்களில் ஒன்று. மலைச்சரிவில் அடுக்கடுக்காக வீடுகள், குறுகலான கல் பாவிய தெருக்கள். 2002 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஊரில் 5,330 பேர். சுற்றியுள்ள கிராமங்களையும் சேர்த்த நகராட்சியில் 9,684 பேர். நம்மூர்க் கணக்கில் சின்ன ஊர்தான். ஆனால் இந்த ஊரின் பெயர் மாசிடோனியப் பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் தெரியும்.

ஊரை வளர்த்தவர்களில் முக்கியமானவர்கள் வ்லாக் என்று அழைக்கப்படும் அரோமானியர்கள். லத்தீனிலிருந்து பிறந்த, ருமேனிய மொழிக்கு உறவான ஒரு மொழியைப் பேசுபவர்கள். ஆடு மேய்ப்பதும், கோவேறு கழுதைகளில் சரக்கு ஏற்றிச் சென்று வணிகம் செய்வதும் இவர்களது தொழில். இன்றைய அல்பேனியாவில் இருக்கும் மொஸ்கோபோல் அக்காலத்தில் இவர்களது செல்வச் செழிப்பான நகரம். 1769இலும் 1788இலும் அது சூறையாடப்பட்டது. தப்பி ஓடிய குடும்பங்கள் பல இந்த மலைக்கு வந்து சேர்ந்தன. இங்கிருந்த ஸ்லாவ் மக்களோடு சேர்ந்து சில தலைமுறைகளில் வளமான வணிக ஊரை உருவாக்கினார்கள்.

அப்போது இந்தப் பகுதி துருக்கிய ஒட்டோமான் ஆட்சியில் இருந்தது. 1903 ஆகஸ்ட் 2, புனித எலியா திருநாள். மாசிடோனியப் புரட்சி இயக்கத்தினர் அன்று கிளர்ச்சியைத் தொடங்கி குருஷெவோவைக் கைப்பற்றினார்கள். பள்ளி ஆசிரியரும் சோஷலிஸ்டுமான நிகோலா கரேவ் தலைமையில் ஒரு குடியரசு அறிவிக்கப்பட்டது. 60 பேர் கொண்ட மன்றத்தில் மூன்று சமூகங்களுக்கும் தலா 20 இடம்: வ்லாக்குகள், பல்கேரியத் திருச்சபையைச் சேர்ந்த ஸ்லாவ்கள், கிரேக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். மக்கள்தொகை விகிதம் பார்க்காமல் சமமாகப் பிரித்தது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம்தான். சுற்றுவட்டார முஸ்லிம் மக்களுக்கும், "உங்களோடு எங்களுக்குப் பகை இல்லை" என்ற பொருளில் ஓர் அறிக்கை விடப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அதன் வாசகம் பிற்காலத்தில், 1923இல் வெளிவந்த ஒரு நாடகம் வழியாகத்தான் பரவியது. எனவே அப்படியே நம்புவதா என்ற சர்ச்சை உண்டு.

குடியரசு பத்தே நாள்தான் தாங்கியது. ஆயிரக்கணக்கான படைவீரர்கள் பீரங்கிகளோடு வந்து மலையைச் சூழ்ந்தார்கள். கிளர்ச்சியாளர்களிடம் இருந்ததோ செர்ரி மரத்தைக் குடைந்து செய்த பீரங்கிகள்! மெச்கின் காமென் (கரடிப் பாறை) என்ற இடத்தில் பிட்டு குலி என்ற வ்லாக் தளபதி பின்வாங்க மறுத்துத் தன் ஆட்களோடு போரிட்டு மடிந்தார். பிறகு ஊரைக் கொள்ளையடித்துத் தீ வைத்தார்கள். இதில் கொடுமை என்னவென்றால், அதிகம் பாதிக்கப்பட்டது கிளர்ச்சிக்கு முன்நின்ற ஸ்லாவ் பகுதி அல்ல. வசதியான வ்லாக் வணிகர்களின் வீடுகளும் கடைகளும்தான். அந்த அடிக்குப் பிறகு பழைய வணிகச் செழிப்பு ஊருக்குத் திரும்பவே இல்லை.

கிளர்ச்சி யாருடையது என்பதில் இன்றும் தகராறு. மாசிடோனியர்கள் தங்கள் தேசத்தின் பிறப்பு என்கிறார்கள். பல்கேரியர்களோ தங்கள் வரலாற்றின் பகுதி என்கிறார்கள். 2017இல் இரு நாடுகளும் நட்பு ஒப்பந்தம் செய்து, வரலாற்றை ஆராயக் கூட்டு ஆணையமும் அமைத்தன. இலிண்டென் என்று அழைக்கப்படும் இந்தக் கிளர்ச்சியைப் பற்றி அவர்களால் எளிதில் உடன்பட முடியவில்லை. இந்த இழுபறியில் வ்லாக்குகளின் பங்கு பெரும்பாலும் ஓரமாகிவிடுகிறது.

2002 கணக்கில் நகராட்சியில் மாசிடோனியர் சுமார் 63 சதவீதம், அல்பேனியர் 21, வ்லாக் 10. ஆனால் இவர்கள் கலந்து வாழ்வதாக நினைத்தால் தவறு. வ்லாக்குகள் ஏறக்குறைய எல்லோரும் ஊருக்குள். அல்பேனியர்கள் ஏறக்குறைய எல்லோரும் கீழே உள்ள கிராமங்களில். 2001 ஓரிட் ஒப்பந்தத்துக்குப் பின் 20 சதவீதத்தைத் தாண்டும் சமூகத்தின் மொழிக்கு உள்ளாட்சியில் தானாகவே அதிகார உரிமை கிடைக்கிறது. வ்லாக்குகள் அந்தக் கோட்டை எட்டவில்லை. இருந்தும் நகராட்சி அரோமானிய மொழியையும் ஏற்றுக்கொண்டது. உலகில் அம்மொழிக்கு அரசு அங்கீகாரம் உள்ள இடங்கள் மிக மிக அரிது.

1974இல் ஊருக்கு மேலே மகெடோனியும் என்ற வெள்ளை நிற உருண்டை வடிவ நினைவிடம் திறக்கப்பட்டது. கரேவின் கல்லறை அதனுள்தான் இருக்கிறது. இன்று வரும் பயணிகளில் பலர் தேடி வருவது இன்னொருவரை. வ்லாக் குடும்பத்தில் பிறந்து இங்கே வளர்ந்த பாடகர் டோஷே புரோஎஸ்கி, 2007 அக்டோபரில் குரோஷியாவில் நடந்த கார் விபத்தில் 26 வயதில் இறந்தார். முன்னாள் யூகோஸ்லாவிய நாடுகள் எல்லாவற்றிலும் அவருக்காக அழுதார்கள். 2011இல் அவருக்கும் இங்கே ஒரு நினைவு இல்லம் திறக்கப்பட்டது.