நான்கு பென்சில் பேட்டரி

சேகாவின் கையடக்க விளையாட்டுக் கருவியான கேம் கியர் 1990இல் ஜப்பானில் வெளிவந்தபோது, நின்டெண்டோவின் கேம் பாய் அதன் பக்கத்தில் ஏழை வீட்டுப் பிள்ளை மாதிரிதான் தெரிந்திருக்கும். சேகாவில் வண்ணத் திரை, பின்னால் விளக்கு. கேம் பாயிலோ பாசி நிறத் திரையில் நாலே நாலு சாயல். விளக்கு கிடையாது, வெளிச்சம் பார்த்துத் திருப்பித் திருப்பிப் பிடிக்க வேண்டும். ஆனாலும் ஜெயித்தது அதுதான். விலை குறைவு, விளையாட்டுகள் நன்றாக இருந்தன என்பார்கள். வாஸ்தவம், டெட்ரிஸ் ஒன்றே போதுமே. ஆனால் ரிப்பேர் தொழிலில் இருக்கும் எனக்குப் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தால்தான் திருப்தி. கேம் கியருக்கு 6 பென்சில் பேட்டரி. ஓடுவது 3 முதல் 5 மணி நேரம். கேம் பாய்க்கு 4 பேட்டரிதான். சாதாரணமாக 15 மணி நேரம் ஓடும்.

காரணம், கேம் கியரின் திரைக்குப் பின்னால் இருந்த குட்டி ட்யூப் லைட். பேட்டரியில் பெரும்பங்கை அது தின்றது. 1989இல் வந்த அட்டாரி லிங்க்ஸுக்கும் இதே கதிதான்.

கேம் பாயை உருவாக்கிய குழுவுக்குத் தலைவர் குன்பெய் யோகோய். 1965இல் நின்டெண்டோவில் சேர்ந்தபோது, சீட்டுக்கட்டு தயாரிக்கும் இயந்திரங்களைப் பராமரிப்பதுதான் அவர் வேலை. நம்ம ஆள் என்று எனக்கு அவர்மேல் தனிப் பிரியம். புல்லட் ரயிலில் ஒருவர் பொழுதுபோகாமல் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் கேம் அண்ட் வாட்ச் என்ற கையடக்க விளையாட்டின் யோசனை அவருக்குத் தோன்றியதாம். பட்டன் பேட்டரியில் ஓடும் அந்தப் பொம்மை 1980இல் வந்தது. கால்குலேட்டர் திரைகள் அதற்குள் மலிந்திருந்தன. பழகிப் பழசாகி விலை இறங்கிய தொழில்நுட்பத்தைப் புது வேலைக்கு இழுப்பதுதான் அவர் கொள்கை. அப்படிப்பட்ட பாகங்கள் மின்சாரத்தையும் குறைவாகவே கேட்கும்.

1996இல் அவர் நின்டெண்டோவை விட்டு விலகினார். மறு வருஷமே சாலை விபத்தில் இறந்துபோனார். அவர் கைபட்ட வொண்டர்ஸ்வானை 1999இல் பண்டாய் வெளியிட்டது. ஒரே ஒரு பென்சில் பேட்டரியில் 30 மணி நேரம்! விற்பனையில் அது நின்டெண்டோவை அசைக்கவில்லை. ஆனாலும் என்னைக் கேட்டால் இந்தத் துறையின் உச்சம் அதுதான்.

பிறகு லித்தியம் பேட்டரி வந்தது. 2003இன் கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பியில் வெறும் 600 எம்ஏஎச் (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் மில்லிஆம்பியர்-அவர் கணக்கு). விளக்கோடு 10 மணி நேரம், விளக்கை அணைத்தால் 18. அடுத்த வருஷம் வந்த சோனி பிஎஸ்பியில் அதைப்போல மூன்று மடங்கு, 1,800 எம்ஏஎச். ஆட்டமோ 4 முதல் 6 மணி நேரம்தான். பெரிய திரை, வேகமான சிப், போதாததற்கு உள்ளே சுழலும் டிஸ்க்.

2017இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்சில் 4,310 எம்ஏஎச். நிறுவனம் சொன்ன கணக்கு இரண்டரை முதல் ஆறரை மணி நேரம். 2019இல் பேட்டரியைத் தொடாமல் சிப்பைச் சிக்கனமாக்கினார்கள்; நாலரை முதல் 9 மணி நேரம் ஆனது. 2025இன் ஸ்விட்ச் 2இல் பேட்டரி 5,220 எம்ஏஎச்சாக வளர்ந்தது. நேரம் மறுபடி 2 முதல் ஆறரைக்கு இறங்கிவிட்டது.

அதனால், புதிதாக வாங்குகிறவர்கள் பெட்டிமேல் போட்டிருக்கும் எம்ஏஎச்சில் மயங்க வேண்டாம். பேட்டரி எத்தனை வாட்-அவர், ஆடும்போது சாதனம் எத்தனை வாட் இழுக்கிறது என்று கேளுங்கள். ஸ்டீம் டெக்கின் முதல் மாடலில் 40 வாட்-அவர். பெரிய விளையாட்டு ஒன்று 20 வாட் இழுத்தால் 2 மணி நேரத்தில் சார்ஜரைத் தேட வேண்டியதுதான்.