மேசை வீரர்கள் – 6: விமான மெக்கானிக்கின் வலக்கை

சென்ற வாரம் கலிஃபோர்னியாவின் பெட்டலூமாவில் நிறுத்தியிருந்தோம். கோழி முட்டைக்குப் பேர்போன அந்த ஊரின் மதுக்கடையில் நண்பர்கள் பொழுதுபோக்காகக் கைமல்யுத்தம் ஆடிக்கொண்டிருந்ததை, பில் சோபரானெஸ் என்ற பத்திரிகைக்காரர் 1962-இல் உலகப் போட்டியாக மேடையேற்றினார். 1968-இல் சார்லஸ் ஷுல்ஸ் தன் கார்ட்டூன் நாய் ஸ்நூப்பியை அந்தப் போட்டிக்கு அனுப்பிவைத்தார். கட்டைவிரல் இல்லாததால் அது தகுதி இழந்து திரும்பியது. அடுத்த ஆண்டிலிருந்து ஏ.பி.சி. தொலைக்காட்சி போட்டியை நாடு முழுக்கக் காட்டத் தொடங்கியது. அந்த ஒளிபரப்புகளின் காலத்தில் வளர்ந்தவர்தான் ஜான் பிரிஸெங்க்.

பிறந்தது 1964-இல், இல்லினாய் மாநிலத்தில். இருபது வயதை ஒட்டியே பெரிய மேசைகளில் பெரியவர்களைச் சாய்க்கத் தொடங்கிவிட்டார். ஆனால் ஊருலகம் அவரைக் கவனித்தது 1986 ஜூலையில், லாஸ் வேகஸ் நகரின் ஹில்டன் ஹோட்டலில். சில்வெஸ்டர் ஸ்டலோன் லாரி ஓட்டுநராக நடித்த ‘ஓவர் தி டாப்’ படத்துக்காக, கேனன் நிறுவனம் அங்கே நிஜமான போட்டியையே நடத்திப் படம்பிடித்தது. உண்மையான வீரர்கள், உண்மையான வெற்றி தோல்வி, பரிசாக ஒரு வோல்வோ ஒயிட் லாரி. 1987-இல் வெளியான படத்தில் ஸ்டலோன் அந்த லாரியை வெல்வார். நிஜத்தில் அதை வென்றவர் 22 வயது பிரிஸெங்க்.

படத்தை வீடியோ கேசட்டில் பார்த்தவர்களுக்குத் தொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பும் ஸ்டலோனும், வெறித்த கண்களும், வியர்வையும் நினைவிருக்கும். பிரிஸெங்க் அதற்கு நேர் எதிர். கத்த மாட்டார், மேசையைக் குத்த மாட்டார், எதிராளியைச் சீண்ட மாட்டார். பழைய ஒளிப்பதிவுகளில், நடுவர் ‘ரெடி, கோ’ என்ற பின்னும் பாதி நேரம் அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. எனக்கு அவர்மீதான மரியாதை அங்கேதான் தொடங்குகிறது.

அவர் செய்தது என்ன என்று புரிய மேசையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். நின்றுகொண்டு ஆடும் மேசையின் உயரம் சுமார் 40 அங்குலம். முழங்கை ஒரு சிறு மெத்தையில் ஊன்றியிருக்க வேண்டும். அது மெத்தையை விட்டு எழுந்தால் ஃபவுல். இடக்கையால் ஒரு கம்பியைப் பிடித்துக்கொள்ளலாம். எதிராளியின் கையைத் தன் பக்கவாட்டில் உள்ள திண்டுவரை சாய்த்துவிட்டால் வெற்றி. பிடி நழுவினால் இருவர் கைகளையும் பட்டையால் சேர்த்துக் கட்டி மறுபடி தொடங்குவார்கள்.

பார்வையாளர் தோளையும் புஜத்தையும் பார்க்கிறார். ஆட்டம் நடப்பதோ பெரும்பாலும் மணிக்கட்டுக்கு மேலே. எதிராளியின் விரல்களின் மேல் ஏறி, மணிக்கட்டைப் பின்னுக்கு மடித்து, பிடியைத் திறந்துவிடுவது ‘டாப் ரோல்’. இருவரும் மணிக்கட்டை உள்ளே வளைத்துக்கொண்டு முன்கைக்கு முன்கை மல்லுக்கட்டுவது ‘ஹூக்’. தோளைக் கைக்குப் பின்னே கொண்டுவந்து உடம்பின் எடையோடு அமுக்குவது ‘பிரஸ்’. அநேக வீரர்கள் இவற்றில் ஒன்றில் மட்டுமே மன்னர்கள். பிரிஸெங்க் மூன்றிலும் கை தேர்ந்தவர். அதைவிட முக்கியம், ஆட்டத்தின் நடுவில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவார். நடுவர் பிடியைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே எதிராளியின் உள்ளங்கை எந்தப் பக்கம் இறுகுகிறது என்று உணர்ந்துகொண்டு, அந்தப் பக்கத்தை விட்டு விலகிப் போவார். நாடி பார்க்கும் வைத்தியரின் விரல் அது.

இந்த அறிவு இல்லாமல் பலத்தை மட்டும் நம்புவது ஆபத்து. கை ஒரு பக்கம் மாட்டிக்கொண்டிருக்க, உடம்பையும் முகத்தையும் மறுபக்கம் திருப்பி இழுத்தால் மேற்கை எலும்பு முறுக்கிக்கொண்டு ஒடியும். ‘தோளைக் கைக்குப் பின்னால் வை’ என்று நடுவர்கள் புதியவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான். இத்தனை ஆண்டுகள் ஒருவர் மேசையில் நிற்கிறார் என்றால், ஜெயித்ததைவிடப் பெரிய விஷயம் தன் கையைக் காப்பாற்றிக்கொண்டது.

அவருக்கு ‘ராட்சதர்களை நொறுக்குபவர்’ என்ற பொருளில் ஒரு பட்டம் உண்டு. உடல் எடை பெரும்பாலும் நூறு கிலோவுக்கு இப்பக்கமோ அப்பக்கமோதான். ஒரே போட்டியில் தன் எடைப் பிரிவிலும் இறங்குவார், மேலுள்ள பிரிவுகளிலும் இறங்குவார். பின்னாளில் யு.எஃப்.சி. வீரராகப் புகழ்பெற்ற கேரி குட்ரிட்ஜ் போன்ற மலைமேனிகள் அவரிடம் தோற்றவர்கள்.

இத்தனைக்கும் இது சோறு போட்ட தொழில் அல்ல. யூட்டா மாநிலத்தில் குடியேறிய அவர், டெல்டா விமான நிறுவனத்தில் மெக்கானிக்காக வேலை பார்த்தார். போட்டிக்குப் பறப்பார், ஜெயிப்பார், திரும்பி வந்து விமானத்துக்கடியில் நிற்பார். உலகின் முதல்நிலை வீரர் என்று அறியப்பட்ட ஒருவர் மாதச் சம்பளத்தை நம்பி வாழ வேண்டியிருந்தது அந்த விளையாட்டுக்குப் பெருமையல்ல.

இருபத்தைந்து ஆண்டுகள் தோல்வியே காணாதவர் என்று ரசிகர்கள் எழுதுவதுண்டு. அது உண்மையல்ல, உண்மை அதைவிடச் சுவையானது. சோவியத் யூனியன் உடைந்தபின் கிழக்கு ஐரோப்பாவில் இந்த விளையாட்டு காட்டுத்தீயாகப் பரவியது. மதுக்கடையிலிருந்து வந்த அமெரிக்கர்களுக்கு எதிரே, பயிற்சிக்கூடங்களில் ஆண்டு முழுக்கத் தயாரானவர்கள் வந்து நின்றார்கள். 2004-இல் ரஷ்யாவின் அலெக்ஸி வொயெவோடா பிரிஸெங்க்கை வீழ்த்தினார். இருவரையும் பின்தொடர்ந்து எடுத்த ‘புல்லிங் ஜான்’ ஆவணப்படம் 2009-இல் வந்தது. விலகிவிடலாமா என்று நாற்பது வயதில் யோசிக்கும் பிரிஸெங்க்கை அதில் பார்க்கலாம். இந்தத் தொடரைப் படிப்பவர்கள் அவசியம் தேடிப் பார்க்க வேண்டிய படம். 2008-இல் கனடா ராணுவத்தின் சிறப்புப் படை வீரர் டெவன் லராட் அவரைச் சாய்த்தார். 2010-இல் ரஷ்யாவின் டெனிஸ் சிப்லென்கோவ், ஆறு சுற்றையும் வென்று 6-0 என்று முடித்தார்.

இவர்கள் மூவரும் அவரைவிட இளையவர்கள். சிப்லென்கோவின் கைக்குள் அவர் கை ஒரு சிறுவனின் கையாகத் தெரிந்தது. நாற்பத்தாறு வயதுக்காரர் அந்தத் தோல்வியோடு வீட்டுக்குப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் போகவில்லை. தோற்றவராக மறுபடி மேசையில் போய் நிற்பதற்கு, ஜெயித்தவராக நிற்பதைவிட அதிக நெஞ்சுரம் வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

உடல் ஒத்துழைத்ததற்கும் காரணம் உண்டு. கைமல்யுத்தத்தில் தசையைவிடத் தசைநாண்கள் முக்கியம். அவை இறுகுவதற்கு ஆண்டுகள் பிடிக்கும், இறுகியபின் சீக்கிரம் தளர்வதுமில்லை. ஓட்டக்காரர் ஓய்வுபெறும் வயதில் கைமல்யுத்த வீரர் உச்சத்தில் இருப்பது இங்கே சாதாரணம். ஐம்பதைத் தாண்டியும் தாக்குப்பிடிப்பது சாதாரணமல்ல.

அடுத்த அலை யூடியூபோடு வந்தது. துருக்கி வீரர் எங்கின் டெர்சி இஸ்தான்புல்லில் நடத்தும் ‘ஈஸ்ட் வெர்சஸ் வெஸ்ட்’ போட்டிகளை இன்று உலகமே நேரலையில் பார்க்கிறது. ஐம்பத்தெட்டை நெருங்கிய பிரிஸெங்க் அந்த மேசைக்கும் வந்தார், தன் பிள்ளைகளின் வயதுள்ளவர்களோடு கை கோத்தார். லாரிப் பரிசை அவர் வென்ற நாளில் அவர்களில் பலர் பிறந்திருக்கவே இல்லை.

அவரை 2004-இல் வென்ற வொயெவோடா, அதே வலிமையை எடுத்துக்கொண்டு பனிச்சறுக்கு வண்டியான பாப்ஸ்லெட் பக்கம் போனார். 2006 டூரின் குளிர்கால ஒலிம்பிக்கில் வெள்ளியும், 2010 வான்கூவரில் வெண்கலமும் பெற்றார். சோச்சியில் கிடைத்த தங்கங்கள் ஏன் பறிபோயின என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)