பட்டியலில் முதல் ஆள் யார்? (கூடைப்பந்து ரசிகர்களின் தீராத வழக்கு)

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து சீசன் ஜூன் மாதம் முடிந்துவிடும். அடுத்தது அக்டோபரில்தான். நடுவில் நாலு மாதம் பந்து தரையில் படாது. ரசிகர்கள் வாய் மட்டும் ஓயாது. பேச்சு இரண்டே விஷயத்தைச் சுற்றித்தான். யார் எந்த அணிக்குத் தாவப் போகிறார்? எல்லாக் காலத்துக்கும் சேர்த்துப் பார்த்தால் யார் பெரிய ஆட்டக்காரர்? முதலாவது வதந்தி, இரண்டாவது பட்டியல். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் பழைய கதைகளைப் படிக்கப் படிக்க, ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றைப் பேச முடியாது என்று தோன்றுகிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

பட்டியல் சண்டையிலிருந்து ஆரம்பிப்போம். ஜோர்டனா, லெப்ரானா என்று இன்று அடித்துக்கொள்கிறார்களே, அதற்கெல்லாம் தாத்தா ஒரு சண்டை உண்டு. பில் ரஸ்ஸலா, வில்ட் சேம்பர்லினா?

1961-62 சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிலடெல்ஃபியா வாரியர்ஸ் அணியின் சேம்பர்லின், ஏழடி ஒரு அங்குல உயரம். அந்த சீசனில் அவருடைய சராசரி ஒரு ஆட்டத்துக்கு 50.4 புள்ளிகள். ஓவர்டைம் இல்லாவிட்டால் ஒரு ஆட்டம் மொத்தமே 48 நிமிடம்தான். மனுஷன் சராசரியாக 48.5 நிமிடம் ஆடியிருக்கிறார்! 1962 மார்ச் 2 அன்று ஹெர்ஷி என்ற சிற்றூரில், நியூயார்க் நிக்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள். அரங்கில் இருந்தவர்கள் 4,124 பேர். படம் பிடித்தவர் ஒருவருமில்லை. கடைசிக் கால்பகுதியின் வானொலி ஒலிப்பதிவு மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஒரு தாளில் 100 என்று எழுதிக் கையில் பிடித்துக்கொண்டு சேம்பர்லின் உட்கார்ந்திருக்கும் புகைப்படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தத் தாளில் எண்ணை எழுதிக் கொடுத்தவர் ஹார்வி பொல்லாக், அணியின் புள்ளிவிவரக்காரர்.

அந்த ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது யாருக்குப் போனது தெரியுமா? ரஸ்ஸலுக்கு! பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் ரஸ்ஸல் அந்த சீசனில் எடுத்தது சராசரியாக 18.9 புள்ளிகள்தான்.

வேடிக்கை இதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு ஆண்டும் பத்திரிகையாளர்கள் ஓட்டுப் போட்டு 'சிறந்த ஐவர்' என்று ஒரு கற்பனை அணியைத் தேர்ந்தெடுப்பார்கள். அதில் சென்டர் இடம் சேம்பர்லினுக்கு. ரஸ்ஸலுக்கு இரண்டாவது ஐவரில்தான் இடம். ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கு சிறந்த ஐந்து பேரில் இடமில்லை! காரணம் எளிது. 1980 வரை அந்த விருதுக்கு ஓட்டுப் போட்டவர்கள் சக ஆட்டக்காரர்கள். எதிரே நின்று ரஸ்ஸலிடம் மாட்டிக்கொண்டவர்கள் ஒரு மாதிரி முடிவு செய்தார்கள். மேலே உட்கார்ந்து பார்த்தவர்கள் வேறு மாதிரி முடிவு செய்தார்கள். 1958லும் 1961லும்கூட இதே கூத்துதான்.

எதை எண்ணினோம் என்பதில்தான் சிக்கல் என்பது என் கட்சி. ரஸ்ஸலின் தொழிலே எதிராளியின் எறிதலைத் தடுப்பது. அதைத்தான் பிளாக் என்கிறோம். என்.பி.ஏ. பிளாக்குகளையும், எதிராளியிடமிருந்து பந்தைப் பறிக்கும் ஸ்டீல்களையும் அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியது 1973-74 சீசனில். ரஸ்ஸல் ஓய்வு பெற்றது 1969ல். சேம்பர்லின் கடைசியாக ஆடியது 1973ல். ஆக, வரலாற்றின் மிகப் பெரிய தடுப்பாட்டக்காரர் என்று பலரும் சொல்லும் ஒருவர் கணக்கில் பிளாக் என்ற கட்டமே காலி. பூஜ்யம்கூட இல்லை, வெறும் கோடு. கட்டத்தில் இருப்பதைக் கூட்டிப் பார்த்துப் பட்டியல் போடுகிற நமக்கு, கட்டமே இல்லாதவரை எங்கே வைப்பது என்று தெரியாது.

இருக்கிற எண்ணும் முழுக் கதையைச் சொல்வதில்லை. 1960 நவம்பர் 24 அன்று, ரஸ்ஸலையே எதிரில் வைத்துக்கொண்டு சேம்பர்லின் 55 ரீபவுண்ட் பிடித்தார். இன்று வரை அதுதான் சாதனை. அந்த ஆட்டத்தில் ஜெயித்தது? பாஸ்டன், 132-129. "சேம்பர்லின் சுயநலக்காரர், பந்தை யாருக்கும் தரமாட்டார்" என்று ஏசினார்கள். 1967-68ல் மொத்தம் 702 அசிஸ்ட் கொடுத்து, அந்தக் கணக்கிலும் முதலிடம் பிடித்துக் காட்டினார். எதை எண்ணுகிறார்களோ அதில் முதலாவதாக வரத் தெரிந்தவர். (அதற்கும் ஏசினார்கள் என்பது தனிக் கதை.)

இதே 1961-62ல் சின்சினாட்டி ராயல்ஸின் ஆஸ்கர் ராபர்ட்சன் சராசரியாக 30.8 புள்ளிகள், 12.5 ரீபவுண்ட், 11.4 அசிஸ்ட் எடுத்தார். மூன்றும் இரட்டை இலக்கம். இன்று இதற்கு டிரிபிள் டபுள் என்று பெயர். அன்று அந்தச் சொல்லே புழக்கத்தில் இல்லை, அதனால் பெரிதாக யாரும் கொண்டாடவில்லை. 55 ஆண்டு கழித்து 2016-17ல் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் அதைத் திரும்பச் செய்தபோது உலகமே ஆடியது, விருதும் கிடைத்தது. இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதும் தப்பு. 1961-62ல் ஒரு அணி ஒரு ஆட்டத்தில் சுமார் 107 முறை கூடையை நோக்கி எறிந்தது. வெஸ்ட்புரூக் காலத்தில் சுமார் 85 முறை. அதிகம் எறிந்தால் அதிகம் தவறும், தவறினால்தானே ரீபவுண்ட்!

சரி, எண்களை விடுங்கள், கோப்பையைப் பாருங்கள் என்பார்கள் சிலர். ரஸ்ஸல் 13 சீசனில் 11 கோப்பை. சேம்பர்லின் இரண்டு. கூடவே இன்னொரு வரியையும் சேர்த்துக்கொள்வார்கள்: "அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் விசுவாசிகள். ஒரே ஊர், ஒரே அணி. இப்போது போல கோப்பைக்காக அணி அணியாகத் தாவவில்லை." பட்டியல் போடும்போது இந்த விசுவாசத்துக்கும் மதிப்பெண் உண்டு.

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது.

ரஸ்ஸல் பாஸ்டனைத் தேர்ந்தெடுக்கவே இல்லை. 1956 டிராஃப்டில் அவரை எடுத்தது செயின்ட் லூயிஸ் ஹாக்ஸ். எட் மக்காலி, கிளிஃப் ஹேகன் இருவரையும் கொடுத்துவிட்டு பாஸ்டன் அவரை வாங்கியது. (1958ல் அந்த இரண்டு பேரையும் வைத்து செயின்ட் லூயிஸ் பாஸ்டனையே தோற்கடித்துக் கோப்பை வாங்கியது.) பாஸ்டன் அவரைத் தாங்கு தாங்கென்று தாங்கவும் இல்லை. பக்கத்தில் ரீடிங் என்ற ஊரில் இருந்த அவர் வீட்டுக்குள் புகுந்து உடைத்து, சுவரில் நிறவெறி வசவுகளை எழுதிவிட்டுப் போனார்கள். 1972ல் அவருடைய 6ஆம் எண் சட்டைக்கு விடை கொடுத்த சடங்கை, ரசிகர்கள் வருவதற்கு முன் காலி அரங்கில் நடத்தச் சொன்னார். அந்த ஊருக்கு அவர் விசுவாசமாக இருந்தாராம்!

சேம்பர்லினை 1965ல் 76அர்ஸுக்கு விற்றார்கள். 1968ல் லேக்கர்ஸ் அணி மூன்று பேரைக் கொடுத்து அவரை வாங்கியது. அந்த மூவரில் ஒருவர் டாரல் இம்ஹாஃப். யார் இவர்? சேம்பர்லின் 100 புள்ளி எடுத்த இரவில் எதிரணி சென்டராக நின்று அடி வாங்கிய அதே மனிதர். :-)

போக முடியாததை விசுவாசம் என்று எப்படிச் சொல்வது? அன்றைய ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் ஆட்டக்காரரைத் தன்னிடமே நிறுத்திக்கொள்ளும் உரிமை கிளப்புக்கு. கிளப் அவரை விற்கலாம், அவர் கிளப்பை விடமுடியாது. 1967ல் ரிக் பேரி சான் ஃபிரான்சிஸ்கோ வாரியர்ஸை விட்டு, புதிதாக முளைத்த போட்டி லீக்கான ஏ.பி.ஏ.வுக்குப் போகப் பார்த்தார். நீதிமன்றம் தடுத்தது. உச்சத்தில் இருந்த ஆட்டக்காரர் ஒரு சீசன் முழுக்க ஆடாமல் உட்கார வேண்டியதாயிற்று.

இதை உடைத்தவர் நம்ம டிரிபிள் டபுள் ஆஸ்கர் ராபர்ட்சன். ஆட்டக்காரர்கள் சங்கத் தலைவராக இருந்த அவர் 1970 ஏப்ரலில் என்.பி.ஏ. மீதே வழக்குப் போட்டார். இரண்டு லீக்குகளும் இணைந்துவிட்டால் சம்பளம் பேச வேறு வாசலே இருக்காது, அதனால் இணைப்பைத் தடுக்க வேண்டும். அந்த ஷரத்தும் ஒழிய வேண்டும். இதுதான் கோரிக்கை. ஆறு ஆண்டு இழுத்து, 1976ல் சமரசம் ஆனது. ஏ.பி.ஏ.வின் நான்கு அணிகள் உள்ளே வந்தன, ஷரத்து போனது. ஆனாலும் பழைய கிளப்புக்கு நஷ்டஈடு தரவேண்டும், பிறகு வெளியார் தரும் சம்பளத்தைப் பழைய கிளப்பும் கொடுத்தால் ஆளை வைத்துக்கொள்ளலாம் என்று ஏதாவது ஒரு கொக்கி இருந்துகொண்டே இருந்தது. கொக்கி இல்லாத முழு விடுதலை 1988ல்தான் வந்தது. முதலில் அதைப் பயன்படுத்தி சியாட்டிலை விட்டு ஃபீனிக்ஸ் போனவர் டாம் சேம்பர்ஸ். பட்டியல்களில் அவர் பெயர் அதிகம் வராது. ஆனால் இன்று ஜூலை மாதம் முழுக்க நாம் மெல்லும் அவல் அங்கிருந்து வந்ததுதான்.

ராபர்ட்சனை மதிப்பிடும்போது 30.8, 12.5, 11.4 என்று ஒப்பிப்பவர்கள் இந்த வழக்கை ஒரு வரிகூடச் சொல்வதில்லை. இதற்கும் கட்டம் இல்லையே. என் பட்டியலில் அவருக்கு முதல் ஐந்துக்குள் இடம் உண்டு, பாதிக் காரணம் இந்த வழக்கு. ஆட்டத்தை மட்டும்தான் பார்க்கவேண்டும் என்று சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

வாசல் திறந்த பிறகு என்ன ஆனது? 1996 கோடையில் ஓர்லாண்டோ மேஜிக்கின் ஷகீல் ஓ'நீல் ஒப்பந்தம் முடிந்து நின்றார். ஏழு ஆண்டுக்கு 115 மில்லியன் டாலருக்கு இவர் தகுதியானவரா என்று அந்த ஊர்ப் பத்திரிகை வாசகர்களைக் கேட்டது. 90 சதவீதத்துக்கும் மேல் "இல்லை" என்றார்கள். பட்டியலும் வதந்தியும் இவ்வளவு அழகாக ஒரே இடத்தில் முட்டிக்கொண்டதை வேறெங்கும் நான் பார்க்கவில்லை. ஷகீல் லேக்கர்ஸுக்குப் போனார். 2000, 2001, 2002 என்று வரிசையாக மூன்று கோப்பை.

2010 ஜூலை 8 அன்று லெப்ரான் ஜேம்ஸ் தொலைக்காட்சியில் உட்கார்ந்து, கிளீவ்லாண்டை விட்டு மயாமி போவதாகச் சொன்னார். கிளீவ்லாண்டில் அவர் சட்டையைக் கொளுத்தினார்கள். கிளப் உரிமையாளர் கோபக் கடிதம் வெளியிட்டார். ஊரையே காக்கவைத்து அறிவித்தது அழகில்லைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒப்பந்தம் முடிந்த ஒருவர் வேறு வேலைக்குப் போனதற்கா இத்தனை நெருப்பு? 2014ல் திரும்பி வந்தார், 2016ல் கோப்பை வாங்கிக் கொடுத்தார், எல்லாம் மன்னிக்கப்பட்டது. 2016 ஜூலையில் கெவின் டுரான்ட் கோல்டன் ஸ்டேட் போனபோது மறுபடி அதே பாட்டு. அவர் அங்கே வாங்கிய இரண்டு கோப்பைகளைப் பட்டியலில் பாதி மதிப்புக்குத்தான் எடுத்துக்கொள்வோம் என்பவர்கள் இன்றும் உண்டு.

சரி, கிளப்பே ஆளை அனுப்பினால்? 2025 பிப்ரவரியில் டல்லாஸ் மேவரிக்ஸ் தன் நட்சத்திரம் லூகா டான்சிச்சை லேக்கர்ஸுக்குக் கொடுத்து, ஆன்தனி டேவிஸை வாங்கியது. டான்சிச்சுக்கு வயது 25. முந்தைய ஆண்டுதான் அணியை இறுதிப் போட்டி வரை இழுத்துப் போயிருந்தார். சேதி அவருக்கே அதிர்ச்சி. இந்த முறை சட்டை எரியவில்லை. ரசிகர்கள் அரங்குக்கு வெளியே சவப்பெட்டி வைத்து, கிளப்பை எதிர்த்துக் கோஷம் போட்டார்கள். ஏப்ரல் 9 அன்று லேக்கர்ஸ் சட்டையில் டான்சிச் டல்லாஸுக்கு வந்தார். ஆட்டத்துக்கு முன் போட்ட வீடியோவைப் பார்த்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். பிறகு எழுந்து போய் 45 புள்ளிகள் எடுத்துத் தன் பழைய அணியைத் தோற்கடித்தார். அவருக்குக் கைதட்டியவர்கள் டல்லாஸ்காரர்கள்.